டிக்கன்ஸின் வாலிபப் பருவம்

ஆங்கில நூல்களைப் பயிலும் நம்முள் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரைக் கேளாதார் இலர். எனினும், வாலிபத்தில் அவர் எழுதுகோல்கொண்டு ஆற்றிய தொண்டே மாணாக்கராகிய நாம் சிறப்பாகச் சிந்திக்கற்பாலது.

1812-ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத் நகரிற் பிறந்த அவர், தந்தையார் கடனுக்காகச் சிறைப்பட்ட காலத்தில், 12 வயதுச் சிறுவனாய், பாதரட்சைக்கு இடும் மை செய்யும் சாலையொன்றில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, வாரம் 6 ஷில்லிங் ஈட்டினார். பின்னர்ச் சுருக்கெழுத்துப் பயின்று, பார்லிமெண்டு நிருபரானார். அநாதைச் சிறுவர் படும் பாட்டை விளக்கும் 'ஆலிவர் ட்விஸ்ட்' என்னும் கதையை 1837-இல் மாதப் பத்திரிகையொன்றில் வெளியிடத் தொடங்கியபொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அக்காலத்தில் யார்க்‌ஷயரில், பெற்றோர் வேண்டாத பிள்ளைகளைச் சொற்பக் கட்டணத்திற்கு ஏற்று, விடுமுறையுமின்றி அடைத்துவைத்த பாடசாலைகள் பல இருந்தன. அவற்றைக் கேள்வியளவில் கண்டிக்க டிக்கன்ஸ் விரும்பினாரல்லர். 1838-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹாப்லட் பிரௌன் என்னும் இளம் ஓவியருடன் கடுங்குளிரில் ஆங்குச் சென்று, விதவையொருத்தியின் மகனுக்குப் பள்ளி தேடுவார்போல் விசாரித்தார். கண்டவையும் கேட்டவையும் 'நிக்கலஸ் நிக்கில்பி' என்னும் நாவலில் இடம்பெற்றன. அது அவ்வாண்டு ஏப்ரல் முதல் 1839 வரை, பிரௌனின் சித்திரங்களுடன், பகுதியொன்று ஒரு ஷில்லிங் விலையில் மாதந்தோறும் வெளிவந்தது. அத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என 1848-இல் தம் முகவுரையில் அவரே குறித்தார்.

1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் டிக்கன்ஸ் காலமானார். எளியோர் துயரை எழுதவும் தீட்டவும் விழையும் நாம், முதலில் அவ்விடம் சென்று நேரிற் காண்போமாக.