ராஜாஜி: கணிப்பில் ஜெயித்தவர் வாக்காளரிடம் ஏன் தோற்றார்?

தேர்தல் முடிஞ்சதும் தொண்டாமுத்தூர் பக்கம் டீக்கடையில உட்கார்ந்தா ஒரு புலம்பல் காதுல விழும். வலதுசாரிக் கட்சிக்கு விடாம ஓட்டு போடுறவங்களோட புலம்பல்தான். கூட்டணியையும் கொள்கையையும் எங்கேயோ நாலு அறிவாளிகள் முடிவு பண்றாங்க, வெயில்ல அலையுறது மட்டும் நாங்களா என்பதுதான் அதன் சாரம். இது புதுசு இல்லை. தமிழ்நாட்டு வலதுசாரி அரசியலின் மிகப் பெரிய மூளையான ராஜாஜியின் வாழ்க்கையே இந்தப் பிரச்னையின் கதைதான்.

யார் இந்த ராஜாஜி?

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல், நகராட்சித் தலைவர். காந்தியின் அழைப்பை ஏற்றுத் தொழிலை விட்டார். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என வேலை பார்த்தார். கொங்கு கிராமத்தின் வறட்சியையும் கடனையும் அவர் நேரில் பார்த்தது அங்கேதான்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். அடுத்த ஆண்டே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. ஆனா அவர் போட்டியிட்டது எந்தத் தொகுதி தெரியுமா? பட்டதாரிகள் ஓட்டு போடும் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதி.

குலக்கல்வியில் என்ன நடந்தது?

சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு, 1952-ல் சென்னை மாகாண முதல்வரானார். இந்த முறை தேர்தலிலேயே நிற்கவில்லை, மேலவை நியமன உறுப்பினராக வந்தார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது மக்களிடம் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது.

1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடவேளையைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் கணக்கு. தன் பிள்ளையாவது ஏரைவிட்டு வெளியே போகணும்னு நினைச்ச பெற்றோருக்கு அது பழைய சாதிக் கட்டாகவே தெரிந்தது. சொந்தக் கட்சிக்காரர்களையே கலந்து பேசவில்லை என்ற புகாரும் எழுந்தது.

1954-ல் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அடுத்த தலைவராக அவர் ஆதரித்தது பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி.சுப்பிரமணியத்தை. ஜெயித்தது காமராஜர். கல்வி அமைச்சராக அந்தத் திட்டத்துக்காக வாதாடிய அதே சுப்பிரமணியம்தான், காமராஜர் ஆட்சியில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்.

சுதந்திராக் கட்சி யாருக்கானது?

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. நிலம் கையைவிட்டுப் போயிடும்னு விவசாயிகள் பயந்தாங்க. அந்த ஆண்டே, 80 வயதில் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ் என்ற ஆட்சிமுறையை விடாமல் எதிர்த்தார். 1991-ல் நாடே அந்தப் பக்கம் திரும்பியபோது, அவர் கணிப்பு சரின்னு பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

கிணறும் நாலு ஏக்கரும் வெச்சிருந்த கொங்கு விவசாயிக்குப் பொருந்தும் கட்சிதான். ஆனா அதன் முகமாகத் தெரிந்தவர்கள் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பம்பாயின் மினூ மசானி போன்றவர்கள். ராஜாஜியின் வாதங்கள் ‘சுவராஜ்யா’ ஆங்கில இதழில் வாராவாரம் வந்தன. ஊருக்குள் கிளை கட்டும் வேலை அந்த அளவுக்கு நடக்கவில்லை. சி.சுப்பிரமணியமும் காங்கிரஸிலேயே இருந்துவிட்டார்.

கூட்டணிக் கணக்கு என்ன ஆச்சு?

1967-ல் காங்கிரஸை வீழ்த்த ராஜாஜி தி.மு.க.வுடன் சேர்ந்தார். பெரியார் வழியில் வந்த கட்சியோடு கூட்டா என்று பக்தியுள்ள ஆதரவாளர்கள் நெளிந்திருப்பார்கள். கணக்கு பலித்தது. காங்கிரஸ் ஆட்சி போனது. சுதந்திராக் கட்சி மாநிலத்தில் 20 இடங்களும், மக்களவையில் நாடு முழுக்க 44 இடங்களும் பிடித்தது.

நாலே வருஷத்தில் கணக்கு தலைகீழ். 1971-ல் முன்பு எதிர்த்த காமராஜருடன் கைகோத்து தி.மு.க.வை எதிர்த்தார். மக்களவையில் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. அதே ஆண்டு தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 92 வயதில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம்னு கேட்டுப் பார்த்தார் ராஜாஜி. பலன் இல்லை. சேலத்தில் தான் தொடங்கியது முடிவதை, தான் ஆட்சியில் ஏற உதவிய கட்சியின் கையாலேயே பார்த்தார்.

கொங்கு விவசாயி எங்கே போனார்?

அந்த நேரத்தில் கொங்கு விவசாயிக்குப் பிரச்னை பம்ப்செட் மின் கட்டணம். 1970-ல் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 3 விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-ல் கோவை வீதிகளை மாட்டு வண்டிகள் நிறைத்தன. முன்னால் நின்றது சுதந்திராக் கட்சி இல்லை, வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம். தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன கட்சிக்குக் காத்திருக்காமல், விவசாயிகள் தாங்களே மேடை போட்டுக்கொண்டார்கள்.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

ராஜாஜியின் அறிவில் குறை சொல்ல ஆள் குறைவு. ஆனா முடிவு எடுத்துட்டு ஜனங்ககிட்ட சொல்றது வேற, கேட்டுட்டு முடிவு எடுக்கிறது வேற. டீக்கடைப் புலம்பலும் அதைத்தான் கேட்கிறது.