303 துப்பாக்கிக்குப் பெயர் தந்த கடிகாரக்காரர்: ஜேம்ஸ் பாரிஸ் லீ

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியப் படையை எதிர்த்து நின்ற இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு 303 துப்பாக்கி. அதே மாதம் அலோர்ஸ்டாரில் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திட்டபோது, அந்தப் படைக்கு ஆயுதமானவையும் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட இதே துப்பாக்கிகள்தான். பின்னர் நேதாஜியின் அழைப்பை ஏற்றுச் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களும் இவற்றில் பயிற்சி பெற்றனர். 1948இல் அவசரகாலம் தொடங்கியதும், தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தோளிலும் இவை தொங்கின.

நம் தாத்தாக்கள் சுமந்த அந்தத் துப்பாக்கியின் பெயரில் உள்ள லீ, ஒரு கடிகாரக் கடைக்காரர்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவின் கால்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்குக் கடிகாரம், நகைத் தொழில். 12 வயதில் லீ முதல் துப்பாக்கியைச் செய்தார். குழல் தந்தையின் பழைய கைத்துப்பாக்கியில் இருந்து வந்தது. அதற்கான கட்டையை வால்நட் மரத்தில் தானே செதுக்கினார். அந்தத் துப்பாக்கி சரியாகச் சுடவில்லை. ஆனால் ஆசை விடவில்லை.

தந்தையிடம் தொழில் கற்ற லீ, 1850இல் சாத்தம் நகரில் சொந்தக் கடை திறந்தார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திற்கு மாறினார். பின்னர் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. குழல்வாய் வழியே மருந்து இடிக்காமல், பின்புறமாகத் தோட்டா போடும் முறையை அவர் வடிவமைத்தார். 1,000 துப்பாக்கிகளுக்கு இராணுவ ஒப்பந்தமும் கிடைத்தது. மில்வாக்கியில் தொழிற்சாலை அமைத்துச் செய்தபோது, குழலின் அளவு குறித்து எழுந்த தகராறில் இராணுவம் வாங்க மறுத்துவிட்டது. முதல் பெரிய முயற்சி நட்டத்தில் முடிந்தது.

ஆனாலும் லீ தளரவில்லை. 1879இல் அவர் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு உலகை மாற்றியது. துப்பாக்கியின் அடியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பெட்டி, அதற்குள் சுருள்வில், வில் தள்ளத் தள்ளத் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். 1888இல் பிரிட்டிஷ் இராணுவம் லீயின் அமைப்பை மெட்ஃபோர்டின் குழலோடு சேர்த்து ஏற்றது. புதிய வெடிமருந்தின் சூட்டில் மெட்ஃபோர்டு குழல் சீக்கிரம் தேய்ந்ததால், 1895இல் என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழல் வந்தது. லீ-என்ஃபீல்டு என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

1902இல் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவாக ஒரு குட்டை வடிவம் ஏற்கப்பட்டது. 1904 பிப்ரவரியில் லீ அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் காலமானார். தன் பெயரைத் தாங்கிய துப்பாக்கி இரண்டு உலகப் போர்களில் மில்லியன் கணக்கில் சுமக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

அன்று சிறுவன் லீ செதுக்கிய பாகத்தைத்தான் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட இந்தத் துப்பாக்கிகளை வேட்டைக்காரர்கள் வாங்கி, எடை குறைய முன்கட்டையை அறுத்துவிட்டார்கள். இரும்பு மிஞ்சியது, மரம் போனது. பழைய உருவத்திற்கு மீட்க, அதே தொழிற்சாலையின், அதே காலத்தின் கட்டை வேண்டும்.

மரமே ஊரைக் காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் முதலில் வால்நட். இரண்டாம் உலகப் போரின் தட்டுப்பாட்டில் பீச், பிர்ச் மரங்களும் வந்தன. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை உள்ளூர் மரங்களைப் பயன்படுத்தியது. மரம் மென்மையானதால் உதைப்பைத் தாங்கச் செம்புத் தகடு பதித்தது. இந்தியாவில் கல்கத்தா அருகே இஷாப்பூரில் செய்யப்பட்ட பல துப்பாக்கிகளின் முன்கட்டையில், பிளவைத் தடுக்கக் குறுக்கே ஒரு திருகு இருக்கும். பின்கட்டையில் எல் முத்திரை இருந்தால் நீளம், எஸ் இருந்தால் குட்டை. வீரரின் கை நீளத்திற்கு ஏற்பக் கொடுத்தார்கள்.

அசல் கட்டை கிடைத்தாலும் அவசரம் ஆகாது. பழைய வகையில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீள ஆணியைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். விசைக்கு மேலே மரமும் இரும்பும் சமமாகப் பொருந்தாவிட்டால் குறி தவறும். நூறு ஆண்டு தாங்கிய மரம் ஒரு நிமிடத்தில் வீணாகும்.

நம் நாட்டில் இது வீட்டில் வைத்து அழகு பார்க்கும் பொருள் அல்ல. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய லயத்து வீட்டிலோ, தோட்டத்து மண்ணிலோ துப்பாக்கியோ தோட்டாவோ கிடைத்தால் கை வைக்காமல் போலீசுக்குச் சொல்வதே சரி.

ஆனால் தாத்தா அந்தத் துப்பாக்கியோடு நின்ற புகைப்படம் ஒன்று அலமாரியில் இருந்தால், அதற்கு உரிமம் தேவையில்லை. அவர் பெயரையும், எந்தத் தோட்டம் என்பதையும் பின்புறம் எழுதி வைக்கலாம்.