பொன்னமராவதி அருகே பிடிபட்ட கட்டபொம்மன்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். மைசூர்ப் போர் முடிந்ததும் கும்பெனிப் படை தெற்கத்திப் பாளையங்கள் பக்கம் திரும்பியது.

1790இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மன், கிஸ்தி பாக்கி தகராறில் 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கச் சென்றார். அங்கே கைகலப்பு மூண்டது. அவர் தப்பினார், அவருடைய அமைச்சர் சிறைப்பட்டார்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதலில் கும்பெனிக்கே பலத்த இழப்பு. எனினும் கோட்டையில் நீடிக்க முடியாமல் கட்டபொம்மன் வடக்கே சென்று, புதுக்கோட்டைச் சீமைக்குள் நுழைந்தார். பொன்னமராவதி அருகே திருக்களம்பூர்க் காட்டில், கும்பெனியின் கூட்டாளியான தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து ஒப்படைத்தனர். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

திப்புவுக்கு எதிராக ஹைதராபாத் நிஜாமின் படை நின்றது. கட்டபொம்மனுக்கு எதிராக எட்டயபுரமும் புதுக்கோட்டையும் நின்றன. நம்மவர் பிளவுதான் கும்பெனியின் பெரிய ஆயுதம்.