கம்மந்தான் கான்சாகிப்: மதுரை மண்ணை ஐந்தாண்டு ஆண்ட மாவீரர்

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. கான்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் போனால் கான்சாபுரம் என்றொரு கிராமம் இருக்கிறது. அந்தக் ‘கான்சா’ யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? 1997இல் பிரிட்டன் ராணி சென்னைக்கு வந்து ஒரு திரைப்படத்தைத் தொடங்கி வைத்ததால் ‘மருதநாயகம்’ என்ற பெயர் மட்டும் பலருக்குத் தெரியும். அந்தப் படமும் இன்றுவரை வெளிவரவில்லை.

முஹம்மது யூசுப் கான் 1725ஆம் ஆண்டு வாக்கில் இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். வேளாளர் குடும்பத்துப் பிள்ளை என்றும், மருதநாயகம் என்பது பிறவிப் பெயர் என்றும் வழக்கு. இளமையில் வீட்டை விட்டு வெளியேறி இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை, பிறகு தஞ்சாவூர், பிறகு நெல்லூர் என்று ஊர் ஊராகச் சுற்றினார். போன இடத்திலெல்லாம் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டார். தமிழோடு உருது, பிரெஞ்சு, போர்த்துகீஸ், ஆங்கிலம் என்று அவர் பேசிய மொழிகளின் எண்ணிக்கை பெருகியது. பள்ளிக்கூடம் பார்க்காத அந்த இளைஞருக்குப் பாசறைகளும் கச்சேரிகளும்தான் பாடசாலை.

நெல்லூரில் ஹவில்தாராகி, சுபேதாராகி, 1752இல் தம் படைப்பிரிவோடு கிளைவின் படையில் சேர்ந்தார். அப்போது திருச்சிக் கோட்டையைப் பிடிக்கக் கர்நாடகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலேயரும் நவாப் முஹம்மது அலியும். மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும். கோட்டைக்குள் இருந்தவர்கள் பிழைத்தது தஞ்சாவூரிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகளால். அந்த மூட்டைகளை எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து சேர்த்தவர் யூசுப் கான். எந்தப் பாதையில் எப்போது எதிரி நிற்பான், எந்த மாட்டுவண்டி எங்கே சிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தளபதி லாரன்ஸ் அவரைத் தம் வலக்கரமாகவே நடத்தினார். 1754இல் கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்து, சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக்கியது. ‘கமாண்டன்ட்’ என்ற சொல் மக்கள் வாயில் ‘கம்மந்தான்’ ஆயிற்று.

உயர்ந்தவனைச் சுற்றிப் பொறாமையும் உயரும். அதே 1754இல், லாரன்சின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன், யூசுப் கான் மைசூராரோடு சதி செய்கிறார் என்று காட்ட ஒரு பொய்க் கடிதத்தை ஜோடித்தான். யூசுப் கான் விசாரணையில் நின்றார். உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். பத்து ஆண்டுகள் கழித்து மதுரையில் நடந்ததைப் படிக்கும்போது இந்த முதல் சூழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது.

1756இல் அவர் மதுரைக்கு அனுப்பப்பட்டார். நகரம் அப்போது சீர்குலைந்து கிடந்தது. பர்க்கத்துல்லாஹ் என்பவர் அதிகாரத்தில் இருந்தபோது, ஒரு வயதான ஃபகீர் மீனாட்சி அம்மன் கோயிலின் மேலேயே தமக்கு அடக்கத்தலம் எழுப்பத் தொடங்கினார். ஊரே கொதித்துப்போயிருந்தது. யூசுப் கான் வந்ததும் அந்த ஃபகீர் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் ஆட்சி கைக்கு வந்தபோது, குழப்பக் காலத்தில் பறிபோயிருந்த கோயில் மானியங்கள் மீண்டும் நடக்க வழி செய்தார். இதைச் செய்தவர் கடைசி நாள்வரை தொழுகையை விடாத முஸ்லிம். பிறர் வணங்குமிடத்தை அபகரிப்பது அநியாயம் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரலாறு படிப்பவர்கள், எந்தத் தரப்பாராக இருந்தாலும், இந்த ஒரு செய்தியையாவது தெரிந்துகொள்ளட்டும்.

1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப் கான் வடக்கே அழைக்கப்பட்டார். வெளியே நின்று பிரெஞ்சுப் படைக்கு வந்த உணவையும் மருந்தையும் வழிமறித்தார். 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். அந்தப் போரில் அவரோடு தோளோடு தோள் நின்றவர் பிரஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆளுநரானார். வாள் பிடித்த கை கணக்கு நோட்டையும் பிடித்தது. தூர்ந்த கண்மாய்களும் வாய்க்கால்களும் கவனிக்கப்பட்டன. நெசவாளர்களுக்கு ஆதரவு கிடைத்தது. கோட்டைச் சுவர்கள் பழுது பார்க்கப்பட்டன, ஆயுதங்கள் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. 1760இல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை தூத்துக்குடியில் இறங்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது திருப்பி விரட்டினார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தெற்கே படை நடத்திய ஃபுல்லார்ட்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி, யூசுப் கானின் நீதியையும் சொல் தவறாமையையும் மனமாரப் புகழ்ந்து எழுதிவைத்தார். கம்பெனி தூக்கிலேற்ற உடந்தையாயிருந்த மனிதருக்குக் கம்பெனித் தளபதியே கொடுத்த சான்று அது!

மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் வீழ்த்தியது இதே யூசுப் கான்தான், அதுவும் கம்பெனிக்காக. கள்ளர் நாட்டிலும் கடுமையாக நடந்துகொண்டார். நெற்கட்டான்செவலில் நின்று பார்ப்பவருக்கு அவர் வேறு மனிதராகத்தான் தெரிவார். நம்மவர் என்பதற்காக அதைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது. பாளையக்காரர்களை ஒடுக்கி அவர் வளர்த்துவிட்ட அதே ஆதிக்கம்தான் பிறகு அவர் கழுத்துக்கு வந்தது.

சீமை செழித்தது நவாபின் கண்ணை உறுத்தியது. யூசுப் கான் தன் வேலைக்காரன், வரிப்பணம் தன் கை வழியாகத்தான் போக வேண்டும் என்றார் முஹம்மது அலி. 7 லட்சம் ரூபாய் தருகிறேன், சீமையை என்னிடமே விடுங்கள் என்று யூசுப் கான் கேட்டுப் பார்த்தார். நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்தவர்கள் நிறைந்த கம்பெனி நவாப் பக்கமே சாய்ந்தது. அடங்கிப் போயிருந்தால் ஒரு பென்ஷனோடு எங்காவது வாழ்ந்திருக்கலாம். அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி, மார்சான் என்ற பிரெஞ்சு அதிகாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றார்.

1763இல் முற்றுகை தொடங்கியது. இன்று நாம் கடைகண்ணிக்குப் போய்வரும் வெளி வீதிகளை ஒட்டி அன்று மதுரைக் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்தன. மழை வந்தது, முதல் முற்றுகை கலைந்தது. 1764இல் பெரும்படையோடு திரும்பி வந்தார்கள். ஜூன் மாதம் மதிலை உடைத்து ஏற முயன்ற படை அடிபட்டுத் திரும்பியது. அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தவர்களில் ஒருவர், சென்னையில் யூசுப் கானோடு நின்ற அதே பிரஸ்டன்.

பீரங்கியால் முடியாததைப் பசி செய்தது. உணவு உள்ளே போகாமல் அடைத்தார்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் உணவுப் பாதையின் அருமையைக் காட்டியவரே இப்போது அது அடைபட்டு நின்றார். குதிரை இறைச்சியும் தீர்ந்தது. கோட்டைக்குள் இருந்த சிலர் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள முடிவு செய்தார்கள்.

1764 அக்டோபர் 13. யூசுப் கான் தொழுகையில் இருந்தார். திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், மார்சான் ஆகியோர் சேர்ந்து அவரைப் பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள். மூவரும் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர். துரோகத்துக்கு மதம் கிடையாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் நவாபின் உத்தரவுப்படி தூக்கிலிடப்பட்டார். இரண்டு முறை கயிறு அறுந்தது, உடம்பில் இருந்த தாயத்தைக் கழற்றிய பிறகுதான் உயிர் போனது என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. தாயத்தில் உயிர் இருப்பதாக மார்க்கம் கற்றவர்கள் நம்ப முடியாது. ஆனால் அந்த மனிதர் அவ்வளவு சுலபமாகச் சாவார் என்று மதுரைக்காரர்களால் நம்ப முடியவில்லை என்பது மட்டும் அதில் தெரிகிறது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலாகவும் அவரைக் கிராமங்கள் பாடிக்கொண்டிருந்தன.

இறந்த பிறகும் நவாபுக்கு அச்சம் தீரவில்லை. உடல் துண்டாக்கப்பட்டு, தலை திருச்சிக்கும் கை கால்கள் வெவ்வேறு ஊர்களுக்கும் அனுப்பப்பட்டன. எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலேயே அடக்கப்பட்டது. 44 ஆண்டுகள் கழித்து, 1808இல், ஷேக் இமாம் என்பவர் அந்த அடக்கத்தலத்தின் மேல் சிறிய கட்டிடம் ஒன்றை எழுப்பினார். மக்கள் அதைக் கான்சாகிப் பள்ளிவாசல் என்கிறார்கள்.