கம்பிகளை அகற்றிய மிருக வியாபாரி: கார்ல் ஹாகன்பெக்கின் கதை

சிங்கத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் கம்பி இல்லை. ஒரு பாறை, கொஞ்சம் புல், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அகழி. இன்று உலகின் பல மிருகக்காட்சிசாலைகளில் வழமையாகிவிட்ட இந்த அமைப்பைப் பிரபலமாக்கியவர் ஜேர்மனியரான கார்ல் ஹாகன்பெக். அந்தக் குடும்பத்துக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, அவரது ஒன்றுவிட்ட தாயின் மகனான தம்பி ஜோன் ஹாகன்பெக் 1920களில் அங்கு வைத்திருந்த விலங்குச் சேகரிப்பிலிருந்து தொடங்கியது. அதை நடத்திய கம்பெனி நொடிந்துபோனதும் 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. தம்பியைத் தேடி வாசிக்கத் தொடங்கிய எனக்கு அண்ணனின் வாழ்க்கைதான் மனதில் தைத்தது. அவரது வேலிகளுக்குள் இருந்தவை விலங்குகள் மட்டுமல்ல.

மீன் கடையிலிருந்து

கார்ல் 1844 ஜூன் 10ஆம் திகதி ஹம்பேர்க் துறைமுக நகரில் பிறந்தார். தகப்பன் மீன் வியாபாரி. 1848இல் மீனவர்களின் வலையில் ஆறு கடல்நாய்கள் சிக்கின. தகப்பன் அவற்றை மரத்தொட்டிகளில் விட்டு, காசு வாங்கிக்கொண்டு சனங்களுக்குக் காட்டினார். மீனை விட அதில் வருமானம் நன்றாக இருந்தது. குடும்பத்தின் விலங்கு வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

1866இல் தொழில் முழுவதும் கார்லின் கைக்கு வந்தது. சூடானிலிருந்து யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், ஆசியாவிலிருந்து புலி, மலைப்பாம்பு என ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளும் அமெரிக்க சர்க்கஸ் கம்பெனிகளும் கேட்டதையெல்லாம் அவர் இறக்கிக் கொடுத்தார். யானைக்குட்டியைப் பிடிக்கப் பெரும்பாலும் தாயைக் கொன்றார்கள். பிடிபட்ட குட்டிகளில் பல, கப்பலுக்கு வந்துசேரும் முன்னரே செத்தன. ஐரோப்பாவில் கூட்டுக்குள் நின்ற ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் காட்டில் சில பிணங்கள் கிடந்தன.

மனிதர்களும் காட்சிக்கு

1870களின் நடுப்பகுதியில் விலங்கு வியாபாரம் சற்றுத் தளர்ந்தது. கலைமான்களைத் தருவிக்க இருந்த கார்லுக்கு, அவற்றை மேய்க்கும் சாமி இன மக்களையும் சேர்த்துக் கொண்டுவரலாம் என்று ஓவியர் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சனம் திரண்டு வந்தது. அடுத்து நூபியர்கள். 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு சிங்களவர்களும் தமிழர்களும் கொண்டுபோகப்பட்டு, ஐரோப்பிய நகரங்களில் காட்டப்பட்டார்கள்.

1880இல் கனடாவின் லப்ரடோர் கரையிலிருந்து எட்டு இனுயிட் மக்கள் ஹம்பேர்க் வந்திறங்கினர். அவர்களில் ஆபிரகாம் என்பவர் 35 வயதுக் கிறிஸ்தவர், எழுத வாசிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர். மிஷன் கடைக்கு இருந்த கடனை அடைக்கலாம் என்பதும் அவர் வந்ததற்கு ஒரு காரணம். மனைவியும் இரண்டு சிறிய மகள்மாரும் கூட வந்தனர். பேர்லினில் தங்கள் குடிசைக்குள் நெரித்துப் புகுந்த கூட்டத்தைச் சாட்டையையும் ஈட்டியையும் காட்டித் துரத்தவேண்டி வந்ததை அவர் தன் தாய்மொழியில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார்.

ஜேர்மனியில் அப்போது அம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். இவர்களுக்கு அதைப் போடாமலே ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார்கள். டிசம்பரில் முதல் மரணம். கிறேஃபெல்ட் நகரில் ஆபிரகாமின் மூத்த மகள் சாராவை மருத்துவமனையில் விட்டுவிட்டு, பெற்றோர் அடுத்த காட்சிக்காகப் பாரிஸுக்குப் போகவேண்டியதாயிற்று. பிள்ளை அங்கேயே இறந்தது. 1881 ஜனவரி நடுப்பகுதிக்குள் எட்டுப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதே ஆண்டே தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து பிடித்துவரப்பட்ட 11 பேர் ஐரோப்பாவில் காட்டப்பட்டார்கள். அவர்களிலும் பலர் ஊர் திரும்பவில்லை.

கம்பியில்லாக் கூடு

விலங்குகளிடம் கார்ல் நிதானமாக நடந்துகொண்டார் என்பதும் உண்மை. சூட்டுக்கோலும் சாட்டையும் கொண்டு பழக்கிய காலத்தில், உணவும் பொறுமையும் கொண்டு சிங்கங்களையும் புலிகளையும் பழக்கினார். வெப்ப நாட்டு விலங்குகள் ஹம்பேர்க்கின் குளிரிலும் வெளியே உலாவலாம் என்று நடைமுறையில் காட்டினார். அகழி எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று அறிய, பாடம் செய்யப்பட்ட ஒரு புறாவைக் கிளையில் கட்டி, பெரிய பூனையினங்கள் எவ்வளவு தூரம் பாய்கின்றன என்று பரிசோதித்தார். 1896இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1907 மே மாதம் ஸ்டெல்லிங்கனில் அவரது பூங்கா திறக்கப்பட்டது. சுவிஸ் சிற்பி உர்ஸ் எகன்ஷ்வீலர் அதற்குச் செயற்கைப் பாறைகளைச் செய்தார். முன்னால் குளத்துப் பறவைகள், அதற்கு மேலே மான்கள், அதற்கும் மேலே சிங்கங்கள். எல்லாம் ஒரே வெளியில் நிற்பதுபோலத் தெரியும். இடையிலுள்ள அகழிகள் தெரியாது. அழிந்துபோன ஊர்வனவுக்கும் அங்கே இடமிருந்தது: டைனோசர்களின் பிரமாண்டமான சீமெந்துச் சிலைகள் பூங்காவில் எழுந்தன.

1901இல் அவரது ஆட்கள் மங்கோலியப் பகுதியிலிருந்து 28 காட்டுக் குதிரைக் குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் காட்டில் அந்த இனம் அற்றுப்போனபோது, இப்படிப் பிடிக்கப்பட்ட சிலவற்றின் சந்ததிதான் மிஞ்சியது. மிருகக்காட்சிசாலைகளுக்காகப் பேசுபவர்கள் காட்டும் நல்ல உதாரணம் இது.

போரும் வியாபாரமும்

இன்றைய நமீபியாவில் 1904 முதல் ஜேர்மன் படைகள் ஹெரெரோ, நாமா மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தன. வறண்ட நிலத்தில் அந்தப் படைக்கு ஒட்டகங்கள் தேவைப்பட்டன. ஏறத்தாழ 2000 ஒட்டகங்களைத் திரட்டி அனுப்பியவர் கார்ல் ஹாகன்பெக். அவருக்கு அது இன்னொரு பெரிய ஓடர். 1913 ஏப்ரல் 14ஆம் திகதி, புகழோடு, சொந்த ஊரில் இறந்தார். 30 ஆண்டுகள் கழித்து, 1943 ஜூலையில், நேச நாடுகளின் குண்டுவீச்சில் அவரது பூங்காவும் சிதைந்தது. பிறகு திருத்தப்பட்ட பூங்கா அவரது பெயரிலேயே இன்றும் இயங்குகிறது.

முட்கம்பிக்குள் இருந்தபடி, வெளியே கமராவோடு வந்து நின்றவர்களைப் பார்த்த அனுபவம் 2009இல் எங்கள் சனங்களில் லட்சக்கணக்கானோருக்கு வாய்த்தது. வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது எவ்வளவு வித்தியாசம் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கார்லின் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு வேலியை நீக்கவில்லை. பார்ப்பவரின் கண்ணிலிருந்து மறைத்தது. உள்ளே நிற்பவருக்கு அகழி அகழிதான்.

ஆபிரகாமின் நாட்குறிப்பின் மூலப்பிரதி கிடைக்கவில்லை. மிஷனரி ஒருவர் செய்த ஜேர்மன் மொழிபெயர்ப்புத் தப்பியிருந்தது. அதைப் பின்தொடர்ந்து தேடியவர்கள், ஏறத்தாழ 130 ஆண்டுகளின் பின், ஆபிரகாம் உட்பட ஐந்து பேரின் எலும்புக்கூடுகள் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்பில் இருப்பதை உறுதிசெய்தார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாமலே லப்ரடோரில் நான்கைந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. பெயர் சொல்லித் தேட உதவியது, அந்த மனிதர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து எழுதிய சில பக்கங்கள்தான்.