லெபாக்கின் புகார் மனு: முல்தாதுலி என்ற அரசு அதிகாரி

1856 ஜனவரியில், ஜாவாத் தீவின் மேற்கு முனையிலுள்ள லெபாக்கில் எடுவார்ட் டவ்வெஸ் டெக்கர் உதவி ரெசிடென்ட்டாகப் பொறுப்பேற்றார். ஆம்ஸ்டர்டாமில் 1820இல் பிறந்து, 18 வயதில் கப்பலேறி, பத்தாவியாவின் தணிக்கை அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கியவர் அவர்.

டச்சுக் காலனி அரசு, 'ரீஜன்ட்' எனப்பட்ட உள்ளூர்ப் பிரபுக்களின் வழியாகவே மக்களை ஆண்டது. லெபாக்கின் ரீஜன்ட் கர்த்தா நத்தா நெகாரா. அவருடைய வயல்களில் உழவர்கள் கூலியின்றி வெட்டி வேலை செய்தனர். அவருடைய மருமகனான வட்டாரத் தலைவர், அவர்களின் எருமைகளை விலை கொடுக்காமல் பிடித்துச் சென்றார். எருமையை இழந்தவனுக்கு உழவு இல்லை. முன்பு அப்பதவியில் இருந்த கரோலஸ் விட்டுச் சென்ற குறிப்புகளிலேயே இவை இருந்தன. கரோலஸ் நஞ்சூட்டப்பட்டதாக அவருடைய மனைவி டெக்கரிடம் கூறினார், அது நிரூபிக்கப்படவில்லை.

பிப்ரவரி 24 அன்று, மேலதிகாரியான ரெசிடென்ட்டுக்கு டெக்கர் எழுத்துமூலம் புகார் அனுப்பினார். ரீஜன்ட்டை முதலில் லெபாக்கிலிருந்து வெளியேற்ற வேண்டும், அதன் பிறகே விசாரணை தொடங்க வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. என் பார்வையில் அந்த மனுவின் உயிரே இதுதான். குற்றம்சாட்டப்பட்டவரின் நிழலில் வாழும் உழவர் அவருக்கு எதிராக வாய் திறக்க மாட்டார். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வதைக் கண்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ரெசிடென்ட் மறுத்தார். ஆதாரங்களை முதலில் தன்னிடம் தருமாறு கேட்டார். ரீஜன்ட் அங்கேயே இருக்கும்வரை தர இயலாது என்றார் டெக்கர். கவர்னர் ஜெனரல் டைமர் வான் ட்விஸ்ட்டிடம் விவகாரம் சென்றது. புகார் பொய்யென்று அவர் தீர்மானிக்கவில்லை. புகார் செய்த விதம் முறையற்றது என்று தீர்மானித்தார். பதவியேற்று ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே இத்தனை அவசரம் ஏன் என்பது நிர்வாகத்தின் கேள்வி. டெக்கர் நிதானமானவர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் நிதானம் காத்த கரோலஸின் குறிப்புகள் கோப்பிலேயே கிடந்தன.

டெக்கரைக் கண்டித்து ங்காவிக்கு இடமாற்றினார்கள். மார்ச் முடிவதற்குள் அவர் பதவி விலகினார்; ஓய்வூதியமும் இல்லை. அதன் பிறகு அரசு விசாரித்தது. முறைகேடுகள் பெருமளவு உண்மையென்று தெரியவந்தது. கீழ்நிலைத் தலைவர்கள் நீக்கப்பட்டனர். ரீஜன்ட்டுக்குக் கிடைத்தது கண்டிப்பு மட்டுமே. அவர் பதவியில் தொடர்ந்தார். டெக்கரைத் திரும்ப அழைக்கவும் இல்லை.

1859இல் பிரஸ்ஸல்ஸில், வறுமையில், 'முல்தாதுலி' என்ற புனைபெயரில் 'மாக்ஸ் ஹவெலார்' நாவலை எழுதினார். மிகவும் துன்புற்றேன் என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். வெளியிட உதவிய எழுத்தாளர் வான் லென்னெப், பதிப்புரிமையைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெயர்களையும் ஆண்டுகளையும் புள்ளிகளாக்கினார். இடமும் காலமும் நீங்கினால் குற்றப்பத்திரிகை கதையாகிவிடும். டெக்கர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1875 பதிப்பில்தான் அப்பெயர்கள் மீண்டன.

அவர் காலனி ஆட்சியே கூடாது என்றவர் அல்லர். அது நேர்மையாக நடக்க வேண்டும் என்றவர். அந்த எல்லையை மறைத்து அவரைப் போற்ற வேண்டியதில்லை. 1887இல் ஜெர்மனியின் நீடர் இங்கல்ஹைமில் இறந்தார். லெபாக்கின் தலைநகரான ராங்காஸ்பிதுங்கில் 2018இல் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எருமைகளை இழந்த உழவர்களின் பேரப்பிள்ளைகளுடைய ஊர் அது.