கொள்கைக்கு விலை பேசாத கே.பி. சுந்தராம்பாள்



நம் சங்க இதழில் சினிமா நடிகை ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. தாம் நம்பியதைத் தொழிலுக்காக விட்டுக் கொடுக்காத ஓர் அம்மையாரைப் பற்றி எழுத விரும்பினோம். அவருடைய தொழில் சினிமாவாக இருந்தது, அவ்வளவே. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர், முருக பக்தர். ஆயினும் பிழைப்புக்காக எதை விடலாம், எதை விடக்கூடாது என்னும் கேள்வி எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. மூவாரிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது இன்றும் எதிரே வந்து நிற்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் எவ்வாறு பதில் சொன்னார் என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். ஊரும் தாயாரும் சேர்ந்தே அவர் பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துக்கள். குடும்பம் மிகவும் வறியது. சிறு பிராயத்தில் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றார் என்றும், அந்தக் குரலைக் கேட்டு வியந்த எஃப்.ஜி. நடேச ஐயர் என்னும் ரயில்வே அதிகாரி அவரை நாடக மேடைக்குக் கொண்டு வந்தார் என்றும் சொல்வார்கள். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகப் பாடி ஜனங்களைக் கண்ணீர் விட வைத்தார். பசியை நடித்துக் காட்ட அந்தக் குழந்தைக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்து நாடகம் இராத்திரி முழுவதும் நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். விழாவிட்டால் மறுநாள் டிக்கெட் விற்காது. இந்தப் பரீட்சையில் தேறிய குரல் சுந்தராம்பாளுடையது. பெண் வேடமும் கட்டுவார், ராஜபார்ட்டாக ஆண் வேடமும் கட்டுவார். கடல் கடந்து இலங்கைக்கும் போய்ப் பெயர் வாங்கினார்.

அங்கே கொழும்பில்தான் 1926-இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா அன்றைய தமிழ் மேடையின் சக்கரவர்த்தி. அவரோடு இந்தப் பெண் ஈடுகொடுத்துப் பாட முடியுமா என்று ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள் என்பர். வள்ளி திருமணத்தில் இருவரும் பாடிய பிறகு பந்தயத்துக்கே வேலையில்லாமற் போயிற்று. 1927-இல் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சாதியும் வேறு. உறவினர் எதிர்ப்பும், இடையில் பிரிவும், பிறந்த குழந்தை தங்காமற் போன துயரமும் அந்த வாழ்க்கையில் இருந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், 27 வயதில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று முதல் அம்மையார் வெள்ளைக் கதர்ப் புடவையே உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். நெற்றியில் திருநீறும் வாயில் முருகன் பெயரும் தவிர வேறு அலங்காரம் இல்லை. இனி எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். கணவர்மேல் கொண்ட அன்பும் கடவுள்மேல் கொண்ட பக்தியும் அவருக்கு இரண்டாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே விரதம் ஆயிற்று. இதற்குப் பிறகு 47 ஆண்டுகள் வாழ்ந்தார், விரதம் மாறவில்லை.

சில காலம் வீட்டோடு ஒதுங்கியிருந்தவரைத் தேசத் தலைவர்கள் மேடைக்கு அழைத்தார்கள். காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாடினால் ஜனம் திரண்டது. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டதாகவும், அடிகள் சாப்பாட்டோடு தட்டையும் நாட்டுக்காகக் கேட்டு வாங்கிக் கொண்டதாகவும் கூறுவர்.

இந்தச் சமயத்தில்தான் பேசும்படத்தார் வந்தார்கள். அசன்தாஸ் என்னும் பட முதலாளி நந்தனார் கதையைப் படமாக்க நினைத்தார். அம்மையாருக்கு விருப்பமில்லை. நேராக மறுப்பதற்குப் பதில் 1 லட்சம் ரூபாய் கேட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார் என்று எண்ணிக் கேட்டாராம். அந்நாளில் ஒரு பவுன் ஏறக்குறைய 25 ரூபாய். கணக்குப் போட்டால் 4,000 பவுன்! ஆனால் முதலாளி திரும்பிப் போகவில்லை, சரி என்று சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். விரதத்தையும் காப்பாற்ற வேண்டும். இதற்கு அம்மையாருக்கு ஒரு வழி இருந்தது. அவர் நந்தனாராகவே, அதாவது ஆண் வேடத்திலேயே நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் 1935-இல் வெளிவந்தது. பெருவெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நடிகையின் நிபந்தனைக்குள் ஒரு படத்தை எடுக்க முடியும் என்பது அன்று நாட்டுக்குத் தெரிந்தது.

அடுத்த படம் மணிமேகலை, 1940-இல் வந்தது. அந்தக் கதையை நாம் அறிவோம். அரசகுமாரன் ஆசைப்பட்டுப் பின்தொடர்கிறான்; மணிமேகலை அவனை ஏற்காமல் துறவு பூணுகிறாள், பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். அதன்பின் 13 ஆண்டுகள் படமே இல்லை. 1953-இல் ஜெமினி வாசன் ஔவையாரை எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளமையும் அழகும் வேண்டாம், முதுமையைக் கொடு என்று கேட்டுப் பெற்றவர் ஔவையார் என்பது கதை. அந்த வேடம் அம்மையாருக்கென்றே பிறந்தது போலிருந்தது. படம் அமோகமாக ஓடியது. தமிழ்நாட்டில் இன்றும் ஔவையார் என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது சுந்தராம்பாளின் முகமே.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நந்தனார் அடியார், மணிமேகலை துறவி, ஔவையார் முதுமகள். எதிலும் கணவன் இல்லை, காதலன் கைகூடுவதில்லை. கதாநாயகனோடு பூங்காவில் பாடும் வேடத்துக்கு அம்மையாரின் வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்பது பட முதலாளிகளுக்குத் தெரிந்து போயிற்று. பலன் என்ன? 1935 முதல் 1953 வரை, 18 ஆண்டுகளில் அவர் நடித்தவை 3 படங்கள் மட்டுமே. ஔவையார் அவ்வளவு ஓடிய பிறகும் அடுத்த படத்துக்கு 11 ஆண்டுகள் சென்றன. அவரைவிடக் குரல் குறைந்தவர்கள் அதே காலத்தில் வருஷத்துக்கு நாலைந்து படம் நடித்தார்கள். வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் அம்மையாரின் படங்கள் ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். கொள்கைக்கு அவர் கொடுத்த விலை இது. சிறிய விலை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அவரது உறுதிக்குப் பெரிய சோதனை 1964-இல் பூம்புகார் படத்தில் வந்தது. சிலப்பதிகாரக் கதைக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அவர் தி.மு.க. தலைவர்களில் ஒருவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மையாரோ காங்கிரஸ்காரர், 1950-களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தவர், பழுத்த பக்தர். கொடுக்க வந்த வேடமோ கவுந்தி அடிகள் என்னும் சமணத் துறவி. சமணத் துறவியின் நெற்றியில் திருநீறுக்கு இடமேது? அம்மையார் மிகவும் தயங்கினார். முருகனிடம் உத்தரவு கேட்ட பிறகே சம்மதித்தார் என்று திரையுலகில் சொல்லி வந்தார்கள்.

சம்மதித்த பிறகும் ஒரு முடிச்சு விழுந்தது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்னும் பழமொழியை வைத்து ஒரு பாட்டு. குற்றமற்ற கோவலனை அரசன் ஆணை கொன்று விட்டது. நின்று கொல்லும் அந்தத் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பது போல் ஒரு வரி அமைந்திருந்தது. தெய்வம் எங்கே என்று கேட்கும் வரியைத் தம் வாயால் பாட முடியாது என்று அம்மையார் சொல்லிவிட்டார். எழுதியவர் கோபித்துக் கொள்ளவில்லை. தெய்வம் இங்கே வந்துவிட்டது என்னும் பொருள் வருமாறு வரியை மாற்றிக் கொடுத்தார். அம்மையார் பாடினார். பாட்டு நிலைத்து நின்றது.

இதே படத்தில் கோவலனாக நடித்தவர் எஸ்.எஸ். ராஜேந்திரன். அவர் பகுத்தறிவுக் கொள்கைக்காரர். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று மறுத்து வந்தவர். அந்தக் காலத்தில் புராணப் படம் என்றால் நல்ல வருமானம். அதையும் விட்டுத்தான் இலட்சிய நடிகர் என்ற பெயரை அவர் சம்பாதித்தார். நம்பிக்கைக்காக வேடத்தை மறுத்த அம்மையாரும், நம்பிக்கையின்மைக்காக வேடத்தை மறுத்த இவரும் ஒரே படத்தில் நடித்தார்கள். ஒருவர் கொள்கையை மற்றவர் பரிகாசம் செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. தம் கொள்கையில் உறுதியாக நிற்பவருக்கே பிறர் கொள்கையின் அருமை விளங்கும்.

பூம்புகாருக்குப் பிறகு கதவு திறந்தது. ஏ.பி. நாகராஜன் 1965-இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் அவரை ஔவையாராக்கினார். 1967-இல் கந்தன் கருணை வந்தது. 1969-இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அவ்விருதை முந்தின ஆண்டு முதன்முதலில் பெற்றவர் பி. சுசீலா. இரண்டாவதாகப் பெற்ற சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 61! மற்ற நடிகைகள் ஓய்ந்து வீட்டில் உட்காரும் வயதில் அவருக்கு வேடங்கள் வரிசையாக வந்தன. இளமைக்கு மட்டும் உரிய வேடங்களை அவர் என்றோ விலக்கிவிட்டார். ஆகவே இளமை போனபோது அவர் தொழிலில் போவதற்கு ஒன்றுமில்லை. 1970-இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. 1980-இல் அம்மையார் காலமானார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, கொள்கை வைத்திருப்பவனுக்கு நஷ்டமே வராது என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. நஷ்டம் வரும். நம்மில் மளிகைக் கடை வைத்திருப்போர் மதுவும் லாட்டரிச் சீட்டும் விற்பதில்லை. அவற்றைத் தேடி வருகிறவர் அடுத்த கடைக்குப் போகிறார். போன இடத்திலேயே அரிசியும் பருப்பும் வாங்கிக் கொள்கிறார். விற்காத சரக்கோடு விற்கும் சரக்கின் வியாபாரமும் போகிறது. இதை அறிந்துதான் நாம் கடை திறக்கிறோம். அம்மையாரும் அறிந்துதான் மறுத்தார்.

இரண்டாவது, மறுப்பதைக் காலத்தில் மறுக்க வேண்டும். முன்பணம் வாங்கிக் கொண்டு நடுவில் கொள்கை பேசுவது பிறர் முதலில் கை வைப்பதாகும். அம்மையார் எதைச் செய்வார், எதைச் செய்யார் என்பது வரும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அவர் மறுப்பில் யாரும் ஏமாறவில்லை. வேலை கேட்டுப் போகும் நம் பிள்ளைகளும் தொழுகை நேரமோ, உடையோ, உணவோ, தங்களுக்கு முக்கியமானதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். கசப்பாக இருந்தாலும் அது ஒரு நாள் கசப்பு.

மூன்றாவதுதான் பெரியது. அந்தக் குரல் இல்லாத ஒருவர் அதே நிபந்தனைகளைச் சொல்லியிருந்தால் பட முதலாளிகள் காத்திருப்பார்களா? இருக்க மாட்டார்கள். அவருக்காக ஒரு வரி மாறியது என்றால், அவரைப் போல் அந்தப் பாட்டைப் பாட வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் இராப்பகலாக உழைத்துச் சம்பாதித்த குரல் அது. கொள்கையை மட்டும் கையில் வைத்துக் கொண்டு தொழிலில் அரைகுறையாக இருப்பவனுக்கு உலகம் வழி விடாது. கொள்கை உடையவன் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவன் வேண்டாம் என்று சொன்னால் கேட்பவர் யோசிப்பார்.

நம் பிள்ளைகள் கணக்கெழுதப் போனாலும், சமையற்கட்டில் நின்றாலும், தொலைக்காட்சி நாடகத்தில் நடிக்கவே போனாலும் இந்த மூன்றும் பொருந்தும். கொடுமுடியில் பசியோடு பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு இது முடிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முடியும். அவர்களுக்கு அந்த உறுதியையும், அதைத் தாங்கும் திறமையையும் அல்லாஹ் அருள்வானாக.